எட்டரை மணி நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், முன்னாள் மாணவர் சங்கத்து நண்பர்களுக்கும்:

வரும் 27-ஆம் தேதி நம் பள்ளி வளாகத்தில் நடக்கவிருக்கும் ஏலத்தின் அறிவிப்பைச் சென்ற வாரம் வாசற்பலகையில் படித்தேன். உடைந்த பெஞ்சுகள், துருவேறிய இரும்புக் கதவு, ஓடாத மின்விசிறிகள் என்று ஆறு இனங்களுக்குப் பிறகு ஏழாவதாக, ‘பயன்பாட்டில் இல்லாத பழைய நோட்டுகள், தாள்கள் – எடைக்கு’ என்று ஒரு வரி இருந்தது. அலுவலகத்தில் விசாரித்தபோது, மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையைக் காலி செய்வதாகவும், அங்கே மரப்பெட்டியில் கிடந்த, மாணவர்கள் நாள்தோறும் மழையளவு எழுதிய மழை நோட்டுகளும் அந்தத் தாள்களில் அடக்கம் என்றும், மழைமானி நிற்கும் இடத்தில் இருசக்கர வாகனங்களுக்குக் கொட்டகை வரப்போகிறது என்றும் சொன்னார்கள். பெஞ்சுகளையும் கதவையும் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கொட்டகையும் தேவையானதாகவே இருக்கலாம். ஆனால் அந்த நோட்டுகள் எடைக்குப் போகக் கூடாது என்றும், மழைமானியைப் பெயர்த்து எறியக் கூடாது என்றும் சொல்ல எனக்கு உரிமை உண்டென்று நம்புகிறேன். அந்த நோட்டுகளில் ஒன்றில் உள்ள கையெழுத்து என்னுடையது.

பள்ளியின் பெயரை இந்த மடலில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். யாரையும் ஊர் நடுவே நிறுத்துவது என் நோக்கமன்று. யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்; அது போதும்.

1967-இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, 1973-இல் அந்தக் காலத்துப் பதினோராம் வகுப்பை முடித்து வெளியேறியவன் நான். நான் சேரும்போதே மழைமானி அங்கே நின்றது. எங்கள் பூகோள வாத்தியார் 1959-இல் தம் முயற்சியில் நிறுவியது அது. ஐந்து அங்குல விட்டமுள்ள புனல், தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் அடி உயரத்தில் அதன் விளிம்பு, உள்ளே நீர் சேர ஒரு போத்தல், அளப்பதற்குக் கோடு போட்ட கண்ணாடிக் குவளை. கருவி என்று சொல்ல இவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் இரண்டு மாணவர்களுக்கு முறை வரும். காலை எட்டரை மணிக்குப் போத்தலை எடுத்து, நீரைக் குவளையில் ஊற்றி, நீர்மட்டத்தின் நடுத்தாழ்வு கண்ணுக்கு நேராக இருக்கும்படி குனிந்து பார்த்து, நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஞாயிறும் தீபாவளியும் விலக்கல்ல. முந்தைய நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரை பெய்தது அன்றைய தேதியில் சேரும் என்ற கணக்கு எங்களுக்கு நாள்காட்டியைவிட நன்றாக மனத்தில் பதிந்திருந்தது.

எட்டாம் வகுப்பில் என் முறை வந்த ஒரு பங்குனி மாதத்து வாரத்தில், வானம் பளிச்சென்று இருந்ததை நம்பி, மழைமானியைத் திறக்காமலேயே ‘0.0’ என்று எழுதிவிட்டு ஓடிவிட்டேன். வாத்தியார் மாலையில் என்னை அழைத்து, போத்தலைத் திறந்தாயா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நான் எழுதிய சுழியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ஒரு சிறு கோடு கிழித்து, ‘அளக்கப்படவில்லை’ என்று எழுதினார். சுழி என்றால் ஒருவன் போய்ப் பார்த்தான், நீர் இல்லை என்று பொருள். கோடு என்றால் யாரும் போகவில்லை என்று பொருள். இரண்டையும் ஒன்றென நினைப்பவன் கணக்கெழுதத் தகுதியற்றவன் என்றார். அந்தப் பக்கம் இன்றும் உங்கள் மரப்பெட்டியில் இருக்கிறது. சென்ற வாரம் அதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மை மங்கியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.

ஒருமுறை அளவுக் குவளை உடைந்துபோனது. புதியது வர மூன்று வாரம் ஆகும் என்றபோது அளவை நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவரோ எங்களைக் கரும்பலகை முன் நிறுத்தி, ஐந்து அங்குலம் என்றால் 12.7 சென்டிமீட்டர், ஆரம் 6.35, அதை வர்க்கப்படுத்தி 22/7-ஆல் பெருக்கினால் புனலின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 126.7 சதுர சென்டிமீட்டர், ஆகவே 1 மில்லிமீட்டர் மழைக்கு 12.67 கன சென்டிமீட்டர் நீர் என்று கணக்குப் போட வைத்தார். வேதியியல் ஆய்வகத்திலிருந்து அளவு உருளை ஒன்றை இரவல் வாங்கி, அந்த மூன்று வாரமும் வகுத்தே எழுதினோம். வட்டத்தின் பரப்பளவு எதற்குப் பயன்படும் என்று அதற்கு முன்பும் பின்பும் எந்தக் கணக்கு வகுப்பும் எனக்குக் காட்டவில்லை. (நம் கணக்கு வாத்தியார்கள் மன்னிப்பார்களாக.)

1972 டிசம்பர் 6-ஆம் தேதி விடியற்காலையில் கடும் புயல் ஒன்று கடலூரை ஒட்டிச் சற்று வடக்கே கரையைக் கடந்தது. அப்போது நான் பதினோராம் வகுப்பு. அந்த வாரம் என் முறை. எங்கள் வீட்டின் ஓடுகள் பாதி பறந்துவிட்டன. எட்டரை மணிக்கு என்னால் தெருவில் கால்வைக்க முடியவில்லை. நண்பகலில் பள்ளிக்குப் போனபோது வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விழுந்து கிடந்த வேப்பமரத்தின் கிளைகளுக்கு நடுவே மழைமானியைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றைய பதிவில் எண்ணுக்குக் கீழே அவர் எழுதியது இது: ‘புயல். புனலில் இலை அடைப்பு. காற்றால் மழை சாய்ந்து விழுந்தது. அளந்த நேரம் பகல் 12. இந்த அளவை நம்ப வேண்டாம்.’ தாம் எடுத்த அளவைத் தாமே நம்ப வேண்டாம் என்று எழுதி வைத்த மனிதரை அரசுப் பணியில் நாற்பது ஆண்டு இருந்தும் நான் மிகச் சிலரைத்தான் கண்டேன்.

1976-இல் தந்தித் துறையில் சேர்ந்தேன். மோர்ஸ் சாவியில் தொடங்கி, தொலையச்சுக்கு மாறி, கடைசியில் கணினித் திரைக்கு வந்து சேர்ந்த தலைமுறை நாங்கள். சாதாரணத் தந்தியில் ஓர் எழுத்துத் தவறினால் பெறுபவர் பொருளைக் கொண்டு ஊகித்துக்கொள்வார். எண்ணில் தவறினால் ஊகிக்க வழியில்லை என்பதால், எண்களை மட்டும் செய்தியின் முடிவில் திரும்ப அனுப்பிச் சரிபார்ப்போம். நான் பணியாற்றிய ஊர்கள் சிலவற்றில் வானிலைச் செய்திகளும் எங்கள் மேசையைக் கடந்துதான் போயின. ஐந்தைந்து எண்களாக வரும் அந்தத் தொகுதிகள் பிறருக்குச் சலிப்பூட்டின. எனக்கு அவை எட்டரை மணி நோட்டின் தூரத்து உறவாகவே தோன்றின. ஒருநாள் வானிலை நிலையத்து ஊழியர் ஒருவரிடம் விளக்கம் கேட்டேன். 1982-இல் உலகெங்கும் நடைமுறைக்கு வந்த குறியீட்டில், 6 என்ற எண்ணில் தொடங்கும் தொகுதி மழையளவைச் சொல்வது என்றும், மழை பெய்யாததால் அந்தத் தொகுதியை விட்டால் வேறோர் இடத்தில் 3 என்றும், அளக்காததால் விட்டால் அதே இடத்தில் 4 என்றும் எழுத வேண்டும் என்றும் அவர் சொன்னபோது, சற்று நேரம் பேச்சு வராமல் நின்றேன். எங்கள் பூகோள வாத்தியார் சிவப்பு மையால் கிழித்த கோட்டுக்கு உலக வானிலை அமைப்பில் ஓர் எண்ணே ஒதுக்கப்பட்டிருந்தது.

2013 ஜூலை 14-உடன் தந்திச் சேவை நின்றது. 2016-இல் நான் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போவதும், வெள்ளிக் கடற்கரையில் நடப்பதும், ஓய்வூதியர் கூட்டத்தில் அகவிலைப்படியைப் பற்றிப் பேசுவதும் மூன்று மாதத்தில் தீர்ந்துவிட்டன. அந்த ஆண்டு ஐப்பசியில் ஒரு மழைமானி வாங்கினேன். முதலில் மொட்டைமாடியில் வைத்தேன். அங்கே காற்று புனலின் மேல் சுழன்று துளிகளைத் தள்ளிவிடுவதால் அளவு குறைகிறது என்று புரிந்ததும் கொல்லைக்கு இறக்கினேன். பக்கத்து வீட்டார் இரண்டாம் மாடி எழுப்பினார்கள். மறைப்பின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும் என்ற விதிக்காக, என் மனைவியின் கனகாம்பரப் பாத்தியை இழக்க நேர்ந்தது. அதற்கான வழக்கு இன்னும் வீட்டில் முடியவில்லை.

இப்போது நாங்கள் நான்கு பேர். திருப்பாதிரிப்புலியூரில் நான், முதுநகரில் நீதிமன்ற அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நெல்லிக்குப்பத்தில் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர், தேவனாம்பட்டினத்தில் படகு இயந்திரம் பழுதுபார்ப்பவர். கடைசி ஆள் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறார்; ஆனால் எங்களில் ஒருநாளும் தவறாதவர் அவர்தான். தினமும் எட்டரைக்கு அளந்து ஒருவருக்கொருவர் செல்பேசியில் அனுப்பிக்கொள்கிறோம். ஒரே ஊர் என்று நாம் சொல்லும் பரப்புக்குள், ஒரே இரவில், என் கொல்லையில் 38 மில்லிமீட்டரும் முதுநகரில் 11 மில்லிமீட்டரும் பதிவான நாள் உண்டு. ‘கடலூரில் அரசு வானிலை நிலையம் இருக்கிறதே, இந்த நோட்டு எதற்கு?’ என்று உங்கள் அலுவலகத்தில் என்னிடம் கேட்டவருக்கு முதல் விடை இது. அரசு நிலையம் தன் முற்றத்தில் விழுந்ததைச் சொல்லும். அதற்கு மேல் சொல்வதாக அது ஒருநாளும் உரிமை கொண்டாடியதில்லை.

இரண்டாவது விடை நோட்டின் கடைசிப் பத்தியில், ‘குறிப்பு’ என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. வாத்தியார் அந்தப் பத்தியை வெறுமையாக விட அனுமதித்ததே இல்லை. ‘தேவனாம்பட்டினத்தில் கட்டுமரம் இறங்கவில்லை’, ‘திருவந்திபுரம் மாணவர் ஐவர் வரவில்லை’, ‘கிணற்றில் நீர் மூன்று படி ஏறியது’ என்பவற்றோடு, 1964 டிசம்பரில் ‘வானொலியில் தனுஷ்கோடிச் செய்தி’ என்றும் ஒரு வரி உண்டு. மழை 0.0 என்று பதிவான சில நாட்களில் ‘கெடிலத்தில் வெள்ளம்’ என்று குறித்திருக்கிறது. இங்கே ஒரு துளியும் விழாமல் மேற்கே பெய்த மழை மட்டுமே ஆற்றை நிரப்பிய நாட்கள் அவை. இது பழங்கதையன்று. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டிய பிறகு, டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணை வழியாக வந்து நம் ஊரின் வடபுறத்துக் கிராமங்களை மூழ்கடித்ததை நீங்களும் பார்த்தீர்கள். உள்ளூர் மழையால் வரும் வெள்ளத்துக்கும் மேலிருந்து இறங்கி வரும் வெள்ளத்துக்கும் வேறுபாடு அறிய, மழையும் ஆறும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட பதிவு வேண்டும். அப்படிப்பட்ட பதிவு ஒன்று பள்ளிச் சிறுவர்களின் கையெழுத்தில் உங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

அதைப் பெரிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. 1959 முதல் 1990 வரை ஆண்டுக்கொன்றாக முப்பத்திரண்டு நோட்டுகள் இருந்திருக்க வேண்டும். நான் எண்ணியபோது இருபத்தெட்டுதான் இருந்தன. முதல் சில நோட்டுகள் அங்குலத்திலும் சென்ட்டிலும் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) உள்ளன; அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர் என்ற மாற்று அட்டவணையை வாத்தியார் அட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கிறார். இரண்டு நோட்டுகளைக் கரையான் அரித்திருக்கிறது. இவற்றைக் கொண்டு காலநிலை மாற்றத்தை நிறுவிவிடலாம் என்று யாராவது சொன்னால் நானே மறுப்பேன். ஆனால் இந்த ஊரின் ஒரு குறிப்பிட்ட முற்றத்தில், ஒரு குறிப்பிட்ட நாளில், யாரோ ஒரு பையன் போய்ப் பார்த்தான் என்பதற்கு வேறு சான்று எங்கும் இல்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அன்று நம் பள்ளி முற்றத்தில் எவ்வளவு பெய்தது என்று கேட்டால் உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. 1990-க்குப் பிறகு இருப்பது கோடு மட்டுமே. 1972-ஐப் பற்றிக் கேட்டால், நம்ப வேண்டாம் என்ற எச்சரிக்கையோடாவது ஓர் எண் இருக்கிறது.

‘எல்லாம் இப்போது செல்போனில் வருகிறது சார்’ என்றும் ஒருவர் சொன்னார். வருகிறது, நானும் பார்க்கிறேன். பஞ்சாங்கமும் ஆண்டுதோறும் இத்தனை மரக்கால் மழை என்று சொல்கிறது. பெய்வதற்கு முன்னால் சொல்வது அது. நான் பேசுவது பெய்த பிறகு எழுதியதைப் பற்றி. நாளைய மழையைச் சொல்லும் செல்பேசி, 1966 கார்த்திகையில் நம் பள்ளி வாசலில் எத்தனை நாள் நீர் தேங்கியது என்பதைச் சொல்லாது.

இன்னொருவர், உண்மையாகவே உதவும் நோக்கத்தோடு, ‘அவ்வளவு ஆசையாக இருந்தால் ஏலத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாமே, நாலு காசுதானே ஆகும்’ என்றார். இரண்டு நாள் அதை யோசித்தேன். பணம் ஒரு பொருட்டன்று. பத்துக் கிலோகூட இராது. ஆனால் வாங்கினால் அவை என் வீட்டு அலமாரிக்கு வரும்; என் காலத்துக்குப் பிறகு என் பிள்ளைகள் அதே பழைய பேப்பர் கடைக்குத்தான் போடுவார்கள்; அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவை பள்ளியின் உடைமை. பள்ளியில்தான் இருக்க வேண்டும். நான் கேட்பது அந்த நோட்டுகளைப் பள்ளி தன்னுடையவை என்று ஏற்றுக்கொள்வதை.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் சந்திக்கிறோம், ஒரே நிறச் சட்டை அணிந்து படம் எடுத்துக்கொள்கிறோம், யார் யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறோம். சென்ற ஆண்டு நுழைவாயில் வளைவுக்கு நன்கொடை திரட்டினோம், நானும் கொடுத்தேன். அந்த வளைவில் வாத்தியாரின் பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்று அவரும் விரும்பியிருக்க மாட்டார். ஆனால் அவருடைய முப்பதாண்டு வேலை எடைக்குப் போகும் நாளில் சங்கத்திலிருந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றால், அந்த வளைவைக் கடந்து உள்ளே போக எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஆகவே நான் கேட்பவை இவை. ஏல அறிவிப்பின் ஏழாவது இனத்திலிருந்து மழை நோட்டுகளை நீக்கி, அந்த நீக்கத்தை அதே பலகையில் எழுத்தால் அறிவிக்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது, ஏனென்றால் ஏல நாளில் பெட்டியைத் தூக்குபவருக்கு அது தெரிந்திராது. நோட்டுகளைப் பள்ளிக்கு வெளியே கொண்டுபோகாமல், ஓர் அறையில், வேலை நாட்களில் மாலை நான்கு மணிக்குப் பிறகு பக்கம் பக்கமாகப் படமெடுக்கவும் எண்களைக் கணினியில் ஏற்றவும் எங்கள் நால்வருக்கும் இரண்டு மாதம் அனுமதி தர வேண்டும். செலவு முழுவதும் எங்களுடையது. பள்ளி தரவேண்டியது ஒரு மேசையும் ஒரு மின்விளக்கும் மட்டுமே. முடிந்ததும் ஒரு பிரதி பள்ளிக்கும் ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்துக்கும் போக வேண்டும். கரையான் அரித்த இரண்டையும் சீர்செய்ய, தாள் பாதுகாப்புத் தெரிந்தவர்களை அணுகும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும். கொட்டகை கட்டாயம் அந்த இடத்தில்தான் வரவேண்டுமென்றால், மழைமானியை விளையாட்டுத் திடலின் தென்மேற்கு மூலைக்கு மாற்றுங்கள். நான் அடியெண்ணிப் பார்த்துவிட்டேன், சுவரும் மரமும் போதிய தூரத்தில் இருக்கின்றன. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடமும் ஒரு கம்பிவேலியும் போதும். மாற்றிய தேதியையும் இரு இடங்களுக்கும் இடையிலான தூரத்தையும் நோட்டின் குறிப்புப் பத்தியில் எழுத வேண்டும். போத்தல் உடைந்திருக்கிறது, என்னிடம் உள்ளதைத் தருகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மீண்டும் முறை போட்டு அளக்கத் தொடங்க ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குங்கள். முதல் மாதம் முழுவதும் நான் வந்து உடன் நிற்கிறேன். மாணவர்களோடு மாணவிகளும் முறையில் இருக்க வேண்டும். எங்கள் காலத்தில் அந்த நோட்டில் பெண் கையெழுத்தே இல்லை.

இவற்றுக்கு 27-ஆம் தேதிக்கு முன் எழுத்தால் பதில் வேண்டுகிறேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அன்று காலை எட்டரை மணி அளவை என் கொல்லையில் முடித்துக்கொண்டு, ஒன்பது மணிக்கு அந்த மரப்பெட்டியின் அருகே நிற்பேன்.

இப்படிக்கு,
1973-இல் பதினோராம் வகுப்பு முடித்த பழைய மாணவன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.